பன்னிரண்டு வருஷம் கழித்து வந்த அப்பா

அண்ணனும் தம்பியும் தெருவில் கட்டிப் புரண்டுவிட்டு, யார் முதலில் அம்மாவிடம் வத்தி வைப்பது என்ற போட்டியில் மூச்சிரைக்க வீட்டுக்கு ஓடி வருகிறார்கள். வாசலில் அம்மா சிகரெட்டும் கையுமாக நிற்கிறாள். புகாரை அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. சத்தம் போடாதீங்க, அப்பா தூங்குறார் என்கிறாள். இரண்டு பேரும் வாயடைத்துப் போகிறார்கள். எந்த அப்பா? பன்னிரண்டு வருஷமாக இல்லாத அப்பா.

உள்ளே எட்டிப் பார்த்தால் கட்டிலில் ஒரு ஆள் மல்லாந்து கிடக்கிறான். இடுப்பு வரைக்கும் போர்வை. பையன்கள் பேசாமல் பின்வாங்கி மேலே பரணுக்கு ஓடுகிறார்கள். ஒரு பெட்டியைக் கிளறி, படம் போட்ட பழைய பைபிளை எடுத்துப் புரட்டி, நடுவில் செருகி வைத்திருந்த போட்டோவைக் கண்டுபிடிக்கிறார்கள். முகத்தைப் பார்த்துச் சரிபார்க்கிறார்கள். அந்த ஆள்தான். பெற்ற அப்பாவை போட்டோ வைத்து அடையாளம் பார்க்க வேண்டிய நிலைமை! படம் பத்து நிமிஷம்கூட நகர்ந்திருக்காது, நம் வயிற்றில் ஏதோ இறுக ஆரம்பித்துவிடுகிறது.

நான் சொல்வது 'தி ரிட்டர்ன்' என்ற 2003ஆம் ஆண்டு ரஷ்யப் படம். ஆந்த்ரேய் ஸ்வியாகிந்த்செவ் என்பவர் இயக்கிய முதல் திரைப்படம். அதற்கு முன் விளம்பரப் படங்கள், தொலைக்காட்சிக்குச் சில குறும்படங்கள், அவ்வளவுதான். நடிகராகப் பயிற்சி பெற்று, வேலை கிடைக்காமல் மாஸ்கோவில் தெருக் கூட்டும் வேலைகூடப் பார்த்திருக்கிறார். அப்படிப்பட்டவர் எடுத்த முதல் படம் வெனிஸ் திரைப்பட விழாவில் தங்கச் சிங்கம் வாங்கியது. மறைத்து மறைத்து இந்தப் படத்தைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை. முடிவு உட்பட எல்லாவற்றையும் சொல்லப் போகிறேன். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள், பதிவு எங்கேயும் ஓடிவிடாது.

கதை எளிது. வந்த அப்பா மறுநாளே பையன்களைக் காரில் ஏற்றிக்கொண்டு மீன் பிடிக்கக் கிளம்புகிறார். இரண்டு நாள் பயணம் என்று பேச்சு. அது நீள்கிறது. வழியில் ஃபோன் செய்கிறார், திட்டம் மாறுகிறது. கடைசியில் ஒரு பெரிய ஏரியைப் படகில் கடந்து, ஆள் அரவமில்லாத தீவு ஒன்றுக்குப் போகிறார்கள். லடோகா ஏரிப் பக்கமும் பின்லாந்து வளைகுடாப் பக்கமும் எடுத்தது. மிகயில் கிரிச்மன் என்ற ஒளிப்பதிவாளர் வெயிலையே கழுவிப் பிழிந்து எடுத்துவிட்ட மாதிரி ஒரு நீலச் சாம்பல் நிறத்தைப் படம் முழுக்கப் பரப்பி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை தொடங்கி சனிக்கிழமையில் முடிகிற கதை. ஒவ்வொரு நாளின் பெயரும் திரையில் வரும். ஏழு நாளில் ஒரு அப்பா வந்து, போயே போய்விடுகிறார்.

இதில் சஸ்பென்ஸ் எங்கே? கொலைகாரன் யார் என்பது மாதிரியான கேள்வி எதுவும் இல்லை. இருக்கிற ஒரே கேள்வி, இந்த ஆள் யார் என்பதுதான். அந்தக் கேள்வியைக் கையில் எடுத்துக்கொண்டு அலைகிற துப்பறிவாளன் சின்னவன் இவான். பெரியவன் ஆந்த்ரேய்க்கு அப்படி எதுவும் வேண்டியதில்லை. அப்பா என்று ஒருத்தர் வந்துவிட்டார், முன் சீட்டில் உட்கார வைக்கிறார், வேலை சொல்கிறார், அது போதும் அவனுக்கு. அப்பா என்று கூப்பிடு என்றதும் கூப்பிட்டுவிடுகிறான். இவானுக்குத் தொண்டையில் வார்த்தை சிக்குகிறது. சொல்லச் சொன்னால் சொல்கிறான், ஆனால் அந்தச் சொல்லில் ஒட்டு இல்லை. இரவில் கூடாரத்துக்குள் அண்ணனிடம் கிசுகிசுக்கிறான்: இவர் நம்ம அப்பாதானா? யாரோ ஒருத்தராக இருந்தால்? நம்மை எங்கேயாவது கொண்டுபோய்க் கொன்றுவிட்டால்? அண்ணன் சிரிக்கிறான். நமக்குச் சிரிப்பு வரவில்லை. ஏனென்றால் இவானுக்குத் தெரிந்ததற்கு மேல் நமக்கும் ஒன்றும் தெரியாது. நம்மைச் சின்னவன் பக்கத்தில் பின் சீட்டில் உட்கார வைத்துவிட்டார் இயக்குநர். படம் முழுக்க அந்த ஆளின் பிடரியைப் பார்த்துக்கொண்டே போகிறோம்.

தடயங்கள் வருகின்றன, ஆனால் எதுவும் தீர்ப்புக்குப் போதாது. விமானி என்று அம்மா எப்போதோ சொல்லியிருக்கிறாள். மீன் பிடிக்கக் கூட்டிப் போனவர் மீன் சாப்பிட மாட்டேன் என்கிறார், போதும் போதும் என்கிற அளவுக்கு முன்பே சாப்பிட்டாயிற்றாம். எங்கே? ராணுவத்திலா, கப்பலிலா, சிறையிலா? உடம்பு உரமேறி இருக்கிறது. கூடாரம் அடிப்பது, தீ மூட்டுவது, ஆளைத் துரத்திப் பிடிப்பது எல்லாம் கை வந்த கலை. அன்பாகப் பேசுவது மட்டும் வரவில்லை. அப்பாவாக நடித்திருக்கும் கான்ஸ்தாந்தின் லவ்ரோனென்கோ இந்தப் பாத்திரத்துக்குச் செய்திருக்கும் பெரிய உபகாரம், முகத்தால் எதையும் விளக்காமல் விட்டதுதான். ஒரு கணம் பையன்களைப் பார்த்து லேசாக உதடு விரிகிறது. பாசமா எகத்தாளமா, கண்டுபிடிக்க முடியாது. நம்ம ஊர்ப் படமாக இருந்தால் இடைவேளை முடிந்ததும் ஒரு ஃப்ளாஷ்பேக் ஓடி, இவர் யாருக்காகப் பழி ஏற்று எங்கே இருந்தார் என்று விளக்கி, நம்மை அழவைத்து, அப்பா மேல் இருந்த கோபத்தையெல்லாம் துடைத்துவிட்டிருக்கும். ஸ்வியாகிந்த்செவ் அந்தச் சலுகையை அப்பாவுக்கும் கொடுக்கவில்லை, நமக்கும் கொடுக்கவில்லை. பன்னிரண்டு வருஷம் எங்கே இருந்தார் என்பது கடைசி வரைக்கும் தெரியாது.

பயணத்தில் நடப்பதெல்லாம் சின்னச் சின்ன விஷயங்கள்தான். சாப்பாட்டுக் கடை எங்கே என்று பார்த்து வரச் சொன்னால் பெரியவன் பராக்குப் பார்த்துக்கொண்டு நேரமாக்கிவிடுகிறான். கடைக்குப் போனால் சின்னவன் சாப்பிட மாட்டேன் என்று முறைக்கிறான். தட்டில் இருப்பதை இரண்டு நிமிஷத்தில் முடி என்று உத்தரவு வருகிறது. இன்னொரு இடத்தில் பெரியவனை நம்பிப் பர்ஸைக் கொடுக்கிறார். உள்ளூர்ப் பொறுக்கிகள் இரண்டு பேர் பையன்களைத் தட்டிப் பிடுங்கிக்கொண்டு ஓடுகிறார்கள். அப்பா காரில் போய் அதில் ஒருத்தனைக் கழுத்தைப் பிடித்துக் கொண்டுவந்து நிறுத்தி, அடிங்கடா என்று பிள்ளைகளிடம் கொடுக்கிறார். இருவரும் கை ஓங்கவில்லை. பயந்து நிற்கிற அந்தத் திருட்டுப் பையனும் கிட்டத்தட்ட இவர்கள் மாதிரிதான் தெரிகிறான். உங்களுக்குக் கையே இல்லையா என்கிற தொனியில் அப்பா இவர்களைத்தான் திட்டுகிறார். அவனை விட்டுவிடுகிறார், சாப்பிடக் காசுகூடக் கொடுத்து அனுப்புவதாக ஞாபகம். முன்பின் தெரியாத திருடனிடம் வருகிற அந்த இரக்கம் பெற்ற பிள்ளைகளிடம் ஏன் வரவில்லை? அந்த இடத்தில்தான் முதல் தடவையாக எனக்கு அந்த ஆள் மேல் நிஜமான கோபம் வந்தது.

பிறகு பாலம். மீன் பிடிக்கலாம் என்று ஆசை காட்டிவிட்டு இடத்தைக் காலி செய்யச் சொன்னதற்காகச் சின்னவன் காரில் தொணதொணக்கிறான். அப்பா வண்டியை நிறுத்துகிறார். தூண்டிலையும் அவனையும் இறக்கிவிட்டு, பிடி உன் மீனை என்கிற மாதிரி ஒரு பாலத்தின் மேல் விட்டுவிட்டுப் போய்விடுகிறார். கொட்டுகிறது மழை. பாலத்தில் ஒண்டக்கூட இடமில்லை. அவன் ஊறிப்போய் உட்கார்ந்திருக்கிறான். நெடுநேரம் கழித்துக் கார் திரும்பி வருகிறது. உள்ளே ஏறியதும் அந்தப் பையன் வெடிக்கிறான் பாருங்கள்: ஏன் வந்தே? நாங்க அம்மாவோட, பாட்டியோட நல்லாத்தானே இருந்தோம், எங்களை எதுக்கு இழுத்துட்டு வந்தே என்கிறான். உங்களோட இருக்கச் சொல்லி உங்க அம்மாதான் கேட்டுக்கொண்டாள் என்கிறார் அப்பா. சரி, உனக்கு? இந்த எதிர்க்கேள்விக்கு அவர் தருகிற எந்தப் பதிலும் போதாது. அவ்வளவு சின்னப் பையன் அதைக் கேட்டுவிட்டான் என்பதே அவருக்கு அதிர்ச்சி. இவானாக நடித்த இவான் தோப்ரோன்ராவோவ் அப்போது பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளை. அவனுடைய நிஜ அப்பாவும் ரஷ்யாவில் பெயர் பெற்ற நடிகர்தான். முகவாய் நடுங்க, கண்ணீரை விடக்கூடாது என்று வைராக்கியமாக அடக்கிக்கொண்டு அந்தப் பையன் கத்துகிற கத்தல், பெரிய நடிகர்கள் பலருக்கு வாய்க்காதது.

அந்த அப்பாவிடம் ஒன்றுமே இல்லை என்றும் சொல்லிவிட முடியாது. சேற்றில் கார் மாட்டிக்கொள்கிறது. கிளைகளை வெட்டி டயருக்கு அடியில் திணிக்கச் சொல்லித் தருகிறார். செல்லமாக இல்லை, அதட்டி, அடித்து. ஏரிக்கரையில் பழைய படகுக்குத் தார் பூச வைக்கிறார். மோட்டார் நின்றுபோனதும் கொட்டுகிற மழையில் துடுப்பைப் பையன்கள் கையில் கொடுத்துவிட்டு, அவர் தாளம் மாதிரி எண்ணிக்கொடுக்க அவர்கள் வலிக்கிறார்கள். பன்னிரண்டு வருஷப் பாடத்தையும் ஒரு வாரத்துக்குள் நடத்தி முடிக்கப் பார்க்கிற வாத்தியார் மாதிரி ஒரு அவசரம். அவருக்கு நேரமில்லை என்பது அவருக்கே தெரிந்திருக்கிறதோ என்று தோன்றும். தம்பியின் கை முறைப்புடனும் அண்ணனின் கை ஆர்வத்துடனும் வேலை செய்கிறது. ஆனால் இரண்டு பேரும் வேலையைக் கற்றுக்கொள்கிறார்கள். மனசு ஒத்துக்கொள்ளாத அப்பாவைக் கை ஒத்துக்கொள்ள ஆரம்பித்துவிட்டது. இதை எந்த வசனத்திலும் சொல்லாமல், காட்டிவிட்டு நகர்ந்துவிடுகிறார் இயக்குநர். இதற்கு என்ன பயன் என்பது கடைசி இருபது நிமிஷத்தில்தான் நமக்கு உறைக்கும்.

தீவில் ஒரு பாழடைந்த வீடு. பையன்களுக்குத் தெரியாமல் அப்பா அங்கே தரையைத் தோண்டுகிறார். ஒரு பெட்டி வருகிறது. அதற்குள் இன்னொரு சின்னப் பெட்டி. அதைக் கொண்டுபோய்ப் படகில் மறைவாக வைக்கிறார். உள்ளே என்ன? படம் காட்டவில்லை. பணமா, நகையா, ஆயுதமா, ஒன்றுக்கும் உதவாத பழைய கடுதாசிகளா?

ஹிட்ச்காக் சொன்ன இரண்டு விஷயங்கள் சினிமா பற்றிப் பேசுகிற எல்லோருக்கும் மனப்பாடம். ஒன்று மெக்கஃபின்: பாத்திரங்கள் உயிரைக் கொடுத்துத் தேடுகிற பொருள், ஆனால் அது என்ன என்பது கதைக்கு முக்கியமில்லை. இன்னொன்று மேஜைக்கு அடியில் வெடிகுண்டு: உட்கார்ந்திருப்பவர்களுக்குத் தெரியாமல் பார்க்கிறவர்களுக்கு மட்டும் தெரிந்திருந்தால் அதுதான் சஸ்பென்ஸ், இல்லாவிட்டால் வெறும் திடுக்கிடல். ஸ்வியாகிந்த்செவ் இரண்டையும் ஒரே பெட்டிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். படகில் பெட்டி இருப்பது நமக்குத் தெரியும், பையன்களுக்குக் கடைசி வரை தெரியாது. அதில் இருப்பது என்ன என்பது நமக்கும் தெரியாது. மீன் பிடிக்கப் போகிறோம் என்று பையன்கள் அந்தப் படகைக் கேட்டு எடுத்துக்கொண்டு போகும்போது சும்மா ஒரு படகுப் பயணத்துக்கே பதறிப்போகிறோம்.

அந்த மீன்பிடிதான் வினையாகிறது. ஒரு மணி நேரத்தில் திரும்பி வரவேண்டும் என்று சொல்லித் தன் கைக்கடிகாரத்தைப் பெரியவனுக்குக் கட்டி அனுப்புகிறார் அப்பா. பையன்கள் பெரிய மீனாகப் பிடித்துக்கொண்டு, ஆனால் பல மணி நேரம் தாமதமாக வருகிறார்கள். பெரியவனுக்கு அறை மேல் அறை விழுகிறது. படகோட்டும்போதும் தார் பூசும்போதும் அப்பா பக்கம் நின்றவன்தான். அவனும் திருப்பிக் கத்திவிடுகிறான். அப்பா கோடரியைக் கையில் எடுக்கிறார். அதுவரைக்கும் திருடி ஒளித்து வைத்திருந்த அப்பாவின் கத்தியைச் சின்னவன் உருவுகிறான். தொட்டால் கொன்றுவிடுவேன் என்கிறான். நீ வேற மாதிரி இருந்திருந்தால் உன்னை எனக்குப் பிடித்திருக்கும் என்கிற அர்த்தத்தில் ஒன்று சொல்கிறான். ஏழு நாளில் அவன் சொன்ன உருப்படியான உண்மை அது. கத்தியைப் போட்டுவிட்டு ஓடுகிறான். தீவில் இருக்கிற உயரமான கோபுரத்தில் ஏறி, மேலே இருக்கிற கதவை மூடிக்கொள்கிறான்.

இங்கே படத்தின் முதல் காட்சிக்குப் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை. தண்ணீருக்குள் குதிப்பதற்கு ஒரு உயரமான மேடை. பையன்கள் ஒவ்வொருத்தராகக் குதிக்கிறார்கள். ஏணி வழியாக இறங்கினால் கோழை. இவானுக்கு உயரம் என்றால் பயம். குதிக்கவும் முடியாமல் இறங்கவும் முடியாமல் ஜட்டியோடு அங்கேயே நடுங்கிக்கொண்டு இருக்கிறான். அண்ணன் உட்பட எல்லோரும் போய்விட்டார்கள். பொழுது சாய்கிற நேரத்தில் அம்மா வந்து மேலே ஏறுகிறாள். சட்டையைப் போர்த்திவிட்டு அணைத்துக்கொள்கிறாள். நீ வராமல் இருந்திருந்தால் செத்தே போயிருப்பேன் என்று அழுகிறான். ஏணி வழியாக இறங்கியது யாருக்கும் தெரியாது, நான் சொல்லமாட்டேன் என்கிறாள் அவள்.

சனிக்கிழமை அதே பையன் இன்னொரு உயரத்தில் நிற்கிறான். இந்தத் தடவை ஏறி வருவது அப்பா. ஆக, பெற்றவர்கள் இருவருமே அவனுக்காக உயரம் ஏறியிருக்கிறார்கள். விமர்சனங்களில் எல்லோரும் அப்பாவின் ஏற்றத்தைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். சிலுவை, தியாகம் என்றெல்லாம் போகிறது பேச்சு. சட்டையை எடுத்துக்கொண்டு வந்து, கோழை என்று ஒரு வார்த்தை சொல்லாமல், பிள்ளையைப் பத்திரமாகத் தரைக்குக் கொண்டுவந்து சேர்த்த அம்மாவைப் பற்றி யாரும் மூச்சு விடுவதில்லை. அவள் ஏறிய விதம் சரியாக இருந்தது. ஏனென்றால் அவள் அவனை வெல்ல ஏறவில்லை.

அப்பா ஏறுகிறார். முதல் தடவையாகக் குரல் தழைகிறது. மகனே என்று கூப்பிடுகிறார், செல்லப் பெயர் சொல்லி அழைக்கிறார். பையன் மேலேயிருந்து என்னால் எல்லாம் முடியும், குதித்துவிடுவேன் என்று கத்துகிறான். மூடிய கதவைத் திறக்க முடியாமல் அப்பா வெளிப்பக்கமாக எட்டி ஒரு பலகையைப் பிடிக்கிறார். பலகை பெயர்கிறது. அவ்வளவுதான். இசை அலறவில்லை, கேமரா மெதுவாக ஓடவில்லை. ஒரு நொடி முன்பு பேசிக்கொண்டிருந்தவர் தரையில் கிடக்கிறார்.

சாதாரணப் படம் இங்கே முடிந்திருக்கும். இந்தப் படத்தின் மிகச் சிறந்த பகுதி இங்கேதான் ஆரம்பிக்கிறது. யாருமில்லாத தீவில் இரண்டு பிள்ளைகளும் ஒரு பிணமும். எப்படி இவரைக் கரைக்குக் கொண்டுபோவது என்று தம்பி கேட்கிறான். அண்ணன் கோடரியை எடுக்கிறான். கிளைகளை வெட்டி, அடியில் போட்டு, அதன் மேல் உடம்பை இழுக்கிறார்கள். சேற்றில் கார் மாட்டியபோது அடிபட்டுக் கற்ற பாடம். படகு வரைக்கும் இழுத்து, ஏற்றி, வலித்து, அக்கரைக்கு வந்து சேர்கிறார்கள். கரைக்கு வந்ததும் சாமான்களை எடுத்து வை என்று அண்ணன் தம்பிக்குச் சொல்கிற தொனியைக் கேளுங்கள். செத்துப்போனவரின் தொனி அப்படியே இருக்கிறது. அதைக் கேட்டபோது எனக்குத் துக்கமும் வந்தது, கொஞ்சம் பயமும் வந்தது. அப்பாவிடமிருந்து கிளை போடும் வித்தை மட்டும் வந்திருந்தால் பரவாயில்லை. அந்தக் குரலும் சேர்ந்து வந்துவிட்டதே.

இவர்கள் சாமான் எடுத்து வைக்கிற நேரத்தில், ஓட்டை விழுந்த படகு அப்பாவோடும் பெட்டியோடும் தானாகக் கரையை விட்டு நகர்கிறது. முதலில் பார்க்கிறவன் அண்ணன். தம்பி தண்ணீருக்குள் ஓடுகிறான். அப்பா, அப்பா என்று கத்துகிறான். அதுவரைக்கும் கேட்டு வாங்கினாலும் ஒட்டாமல் வந்த சொல். கேட்க ஆள் இல்லாதபோது வருகிறது. படகு முழுகுகிறது. அந்தக் குரலைக் கேட்டு நான் உடைந்துபோனேன் என்பதை மறைக்கத் தேவையில்லை.

பிறகு காரில் இவர்கள் பார்க்கிற பழைய போட்டோ ஒன்று இருக்கிறது. அம்மாவும் கைக்குழந்தைகளாக இவர்களும். அந்த ஆள் இதைத் தன்னோடு வைத்திருந்திருக்கிறார். படம் அவருக்குச் சாதகமாகக் கொடுக்கிற ஒரே சாட்சி அதுதான். அதுவும் வழக்கு முடிந்த பிறகு.

இந்தப் படத்துக்கு விளக்கம் எழுதியவர்கள் நிறைய. முதலில் தூங்குகிற அப்பாவின் காட்சி, மாண்டெக்னா வரைந்த இறந்த கிறிஸ்து ஓவியத்தை அப்படியே எடுத்து வைத்தது. பாதம் நம் பக்கம், தலை அந்தப் பக்கம். போட்டோ இருந்த பைபிள் பக்கத்தில் ஆபிரகாம் தன் மகனைப் பலியிடப் போகிற படம். வந்த அன்று சாப்பாட்டு மேஜையில் கோழியைக் கையால் பிய்த்துப் பங்கு வைத்து, பிள்ளைகளுக்கும் வைன் ஊற்றச் சொல்கிறார். கதை நடக்கிற நாள்கள் ஒரு வாரம். ஆகவே இவர் கடவுள், அல்லது கிறிஸ்து என்று ஒரு கட்சி. இன்னொரு கட்சி அரசியல் பேசுகிறது: 1991இல் சோவியத் ஒன்றியம் கலைந்தது, படம் வந்தது 2003இல், நடுவில் பன்னிரண்டு வருஷம்; காணாமல் போன கண்டிப்பான தகப்பன் திரும்பி வந்து அதட்டுகிறார், தேசம் அவரை ஏற்பதா வேண்டாமா என்று தவிக்கிறது. கணக்கு அழகாகத்தான் உதைக்காமல் வருகிறது.

இந்த விளக்கங்கள் தப்பு என்று நான் சொல்லவில்லை. மாண்டெக்னாவும் ஆபிரகாமும் தற்செயலாக வந்து விழவில்லை, இயக்குநர் வைத்ததுதான். ஆனால் இவரைக் கடவுளாக்கியதும் இவர் செய்ததெல்லாம் சோதனை என்று ஆகிவிடுகிறது. பாலத்தில் நனைய விட்டது சோதனை, அறைந்தது சோதனை. பிள்ளையின் கோபம் நம்பிக்கைக் குறைவு. இது எனக்கு உவப்பில்லை. ஆபிரகாம் கதையில் கத்தியை ஓங்கிய கையைத் தடுக்க ஒரு தேவதூதன் வந்தான். இங்கே தடுக்க யாரும் வரவில்லை, பிள்ளையே கத்தியை எடுக்க வேண்டியிருந்தது. பன்னிரண்டு வருஷம் வளர்க்காத ஒருவர், வந்த மறுநாளே கீழ்ப்படிதலை உரிமையாகக் கேட்கிறார். கொடுக்காதவனை அடிக்கிறார். இதில் தெய்வீகம் எங்கே இருக்கிறது? எந்த ஊரிலும் எந்தத் தெருவிலும் பார்க்கக் கிடைக்கிற விஷயம்தான் இது. ஒத்துக்கொள்வது என்பது அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போக வேண்டியதும்கூட. இவானின் பயத்தை, அவன் ஏணி வழியாக இறங்குகிற பிள்ளை என்பதை, அம்மா ஒத்துக்கொண்டாள். அப்பாவுக்குக் கோபுரத்தின் பாதி உயரம் வரை அது வரவில்லை.

என் நண்பர் ஒருவர் இதில் என்னோடு சண்டைக்கே வந்துவிட்டார். அவருக்கு இரண்டு பையன்கள். அந்தச் சின்னவனுக்கு வீம்பு அதிகம், பெரியவன் மாதிரி அனுசரித்துப் போயிருந்தால் எல்லாம் நல்லபடியாக முடிந்திருக்கும் என்பது அவர் கட்சி. நீயும் ஒரு அப்பாவான பிறகு பார், அந்த மனுஷன் பக்கம் புரியும் என்றார். ஆனேன், பார்த்தேன். அந்த மனுஷன் பக்கம் புரிந்தது உண்மை, ஆனால் என் ஓட்டு இன்னும் சின்னவனுக்குத்தான். அனுசரித்துப் போன பெரியவனும் கடைசியில் அறை வாங்கினான் என்பதை நண்பர் மறந்துவிடுகிறார்.

படத்தில் எனக்கு இன்னும் ஆறாத குறை ஒன்று உண்டு. அம்மா. எல்லாம் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். அவர் எங்கே போனார், ஏன் வந்தார், ஏன் பிள்ளைகளை அவரோடு அனுப்பச் சம்மதித்தாள்? அவர் வந்த இரவு படுக்கையில் கண்ணைத் திறந்தபடி படுத்திருக்கிற அவள் முகத்தை ஒரு தடவை காட்டுகிறார்கள். அதில் நூறு விஷயம் இருக்கிறது. பயணம் தொடங்கியதும் படம் அவளை வீட்டோடு விட்டுவிடுகிறது, பாட்டியையும் சேர்த்து. பிள்ளைகள் தனியாகத் திரும்பிப் போய் அவளிடம் என்ன சொல்லப் போகிறார்கள் என்பதைக் காட்டாமல் விட்டது நியாயம்தான், காட்டினால் படம் தாங்காது. ஆனால் போவதற்கு முன்னால் அவளுக்கு ஒரு நாலு வரியாவது கொடுத்திருக்கலாம். அப்பா, மகன் என்று பேச ஆரம்பித்தாலே அம்மாக்களை வாசலோடு நிறுத்திவிடுகிற பழக்கம் உலகம் முழுக்க இருக்கிறது போல.

படத்துக்கு வெளியே நடந்த ஒன்றையும் சொல்ல வேண்டும். அண்ணனாக நடித்த விளாதிமிர் காரின், படப்பிடிப்பு முடிந்த மறு வருஷம் 2003 ஜூனில், ஏரியில் மூழ்கி இறந்துபோனான். வயது 16. செப்டம்பரில் வெனிஸில் படம் பரிசு வாங்கியபோது அவன் இல்லை. முதல் காட்சியில் அவன் அந்த மேடையிலிருந்து தண்ணீருக்குள் குதிப்பதை, இது தெரிந்த பிறகு பார்ப்பது கஷ்டம். தெரியாமல் முதல் தடவை பார்ப்பதுதான் நல்லது. ஆனால் இப்போது சொல்லிவிட்டேன்.

ஸ்வியாகிந்த்செவ் அதற்குப் பிறகு எடுத்தவை எல்லாமே ஏறக்குறைய வீட்டுக்குள் நடக்கிற உடைசல்கள்தான். 2007இல் 'தி பேனிஷ்மென்ட்', அதில் நடித்ததற்காக இதே லவ்ரோனென்கோ கான் விழாவில் சிறந்த நடிகர் விருது வாங்கினார். 2011இல் 'எலெனா'. 2014இல் 'லெவியதான்', உலகம் முழுக்கப் பேசப்பட்டது அதுதான். 2017இல் 'லவ்லெஸ்'. அது விவாகரத்துச் சண்டையில் இருக்கிற பெற்றோரின் பிள்ளை காணாமல் போகிற கதை. அங்கே தேடப்படுவது பிள்ளை, இங்கே துருவிப் பார்க்கப்படுவது அப்பா. 'தி ரிட்டர்ன்' பிடித்திருந்தால் அடுத்து 'லவ்லெஸ்' பாருங்கள், ஆனால் அதே வாரத்தில் வேண்டாம்.

என் கணக்கில் அவருடைய மிகச் சிறந்த படம் இந்த முதல் படம்தான். 'லெவியதான்' பெரிய படம், ஒத்துக்கொள்கிறேன். அதில் அவர் யாரை விமர்சிக்கிறார் என்பது நமக்குத் தெரிந்துவிடுகிறது. இதில் நாம் யார் பக்கம் என்பதை நாமேதான் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.

ஒன்றே முக்கால் மணி நேரம் ஓடும். ரஷ்ய ஒலியிலேயே, சப்டைட்டில் போட்டுப் பாருங்கள். டப்பிங்கில் அந்தச் சின்னப் பையனின் குரல் போய்விட்டால் பாதிப் படம் போய்விடும். ஃபோனைத் தூர வைத்துவிடுங்கள், மெதுவாக நகரும். பார்த்து முடித்ததும் நீங்கள் அண்ணன் கட்சியா தம்பி கட்சியா என்று எழுதுங்கள். அப்பா கட்சிக்காரர்களும் வரலாம், ஆனால் அந்தப் பாலத்து மழைக்கு முதலில் ஒரு பதில் சொல்லிவிட்டு மேலே பேசுங்கள்.